இரட்டை முகக் கடிகாரம்

சதுரங்கம் ஆடத் தெரியாதவர்கள் சதுரங்கக் கடிகாரம் வாங்குகிறார்கள். அதுவும் புதிதாக அல்ல. ஐம்பது வருஷம், நூறு வருஷம் ஆனதாகப் பார்த்து வாங்குகிறார்கள். ஓடினால் நல்லது, ஓடாவிட்டாலும் பாதகமில்லை. கூடத்துக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. 2020-ல் சதுரங்கம் ஆடும் ஓர் அநாதைப் பெண்ணின் கதை அமெரிக்காவில் தொடர்ப் படமாக வந்த பிறகு, பலகை, காய்கள் முதலியவற்றுக்கு உலகம் முழுவதும் திடீர்க் கிராக்கி ஏற்பட்டது பலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

இப்படி வாங்குகிறவர்களைக் கண்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வாசிக்கத் தெரியாதவன் வீட்டில் வீணை எதற்கு என்பது அவர்களுடைய கட்சி. எனக்கு அந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. படிக்காதவர்கள் வீட்டிலும் புஸ்தக அலமாரி இருப்பதால்தான் என் போன்றவர்களுடைய நாவல்கள் இரண்டாம் பதிப்புக் காண்கின்றன. அந்த வழக்கத்தை நான் பழித்தால் நன்றி கெட்டவன் ஆவேன். என் சந்தேகம் வேறு. ஒரு பழைய சதுரங்கக் கடிகாரத்துக்கு விலை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று விசாரித்துக்கொண்டே போனால், அது நம்மை ஒரு விசித்திரமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இந்தக் கடிகாரத்தைக் கண்ணால் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே மர உறை. அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கடிகாரங்கள். வெளியே இரண்டு முகங்கள். உச்சியில் இரண்டு பித்தான்கள். நான் காயை நகர்த்திவிட்டு என் பக்கத்துப் பித்தானை அழுத்தினால், உள்ளே ஒரு மெல்லிய கம்பி என் கடிகாரத்தின் பாலன்ஸ் சக்கரத்தைத் தொட்டு நிறுத்திவிடும். அதே கணத்தில் எதிராளியின் சக்கரம் விடுபட்டு ஓட ஆரம்பிக்கும். அவர் யோசிக்கும் நேரம் அவர் கணக்கில். நான் யோசிக்கும் நேரம் என் கணக்கில். மணி நிறைவதற்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம் இருக்கும்போது, பெரிய முள் ஒரு சின்னச் சிவப்புக் கொடியை மெல்லத் தூக்கத் தொடங்கும். பன்னிரண்டைத் தொட்டதும் கொடி விழும். விழுந்தால் தீர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டம் தொடங்கும்போது முள்ளை ஊர் மணிக்கு வைப்பதில்லை. ஒருவருக்கு இரண்டரை மணி நேரம் என்று ஏற்பாடானால் மூன்றரையில் வைப்பார்கள். ஆறு அடிக்கும்போது கெடு முடியும். காலையில் ஆடினாலும் ராத்திரியில் ஆடினாலும் அதே ஆறுதான். ஆகையால் சதுரங்கக் கடிகாரம் எந்த ஊரிலும் எந்த நாளிலும் சரியான மணியைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டதே கிடையாது. அதனிடம் மணி கேட்கிறவன் ரயிலைத் தவறவிடுவான். அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டு பேருக்கும் ஒரே அளவா? இரண்டு முகமும் மணிக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக ஓடினால் ஆட்டத்துக்குக் குற்றமில்லை. வீட்டுக்குப் போகச் சற்று நேரமாகும், அவ்வளவுதான். ஒரு முகம் மாத்திரம் இரண்டு நிமிஷம் வேகமாக ஓடினால் அது அநியாயம். மளிகைக் கடைத் தராசைப் போலத்தான். தட்டு பித்தளையா, தகரமா என்று யார் பார்க்கிறார்கள்? முள் நடுவில் நிற்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

இந்தச் சமம் உலகத்துக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஒரு மனஸ்தாபத்தில் பிறந்தது என்றே சொல்லலாம். 1851-ல் லண்டனில் பெரிய பொருட்காட்சி நடந்த சமயத்தில் ஸ்டாண்டன் என்ற இங்கிலீஷ் ஆட்டக்காரர் பல நாட்டு ஆட்டக்காரர்களை வரவழைத்து ஒரு பந்தயம் நடத்தினார். அதில் நேரத்துக்கு வரம்பு கிடையாது. ஒருவர் ஒரு காயை நகர்த்த எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வில்லியம்ஸ் என்பவர் அந்தச் சலுகையை அப்பட்டமாக உபயோகித்தார் என்பது ஸ்டாண்டனின் குற்றச்சாட்டு. மூன்றாவது இடத்துக்கான ஆட்டங்களில் ஸ்டாண்டன் அவரிடமே தோற்றார். தோற்றவர் சொல்லும் குற்றச்சாட்டை முழுக்க நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அவர் பட்ட எரிச்சல் நமக்குப் புரியாததல்ல. எதிரே உட்கார்ந்திருப்பவன் யோசிக்கிறானா, அல்லது நம்மைச் சோர வைப்பதற்காக வெறுமனே உட்கார்ந்திருக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தியினால் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஒருவன் பிருஷ்டத்தினால் ஜெயிக்கலாம் என்றால் அது என்ன ஆட்டம்?

அதன் பிறகு பத்து வருஷத்துக்குள் மணல் வட்டில் வந்தது. 1861-ல் ஆண்டர்ஸனும் கோலிஷும் ஆடியபோது இரண்டு மணி நேரத்துக்கு இருபத்து நான்கு நகர்த்தல் என்று கணக்கு. 1867-ல் பாரிஸ் பந்தயத்தில் நேரம் மீறினவர்களுக்கு அபராதம் போட்டார்கள். பணக்காரன் வேண்டிய மட்டும் யோசிக்கலாம் என்பதுதானே அதற்கு அர்த்தம்! அந்த ஏற்பாடு நிலைக்காமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. 1883-ல் லண்டனில் ஜுக்கர்டோர்ட் முதலாவதாகவும் ஸ்டைனிட்ஸ் இரண்டாவதாகவும் வந்த பந்தயத்தில்தான் முதல்முதலாக இரட்டைக் கடிகாரம் வைத்தார்கள். மான்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்ஸன் என்பவருடைய யோசனை அது. குழந்தைகள் விளையாடும் ஏற்றப் பலகையைப் போல ஒரு சட்டம்; அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கடிகாரம். எது நேராக நிற்கிறதோ அது ஓடும். எது சாய்கிறதோ அது நிற்கும். பித்தானும் கொடியும் பிற்பாடு வந்தவை. அவற்றில் டச்சுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரத்து ஃபட்டோரினி கம்பெனியார் செய்த ஏற்றக் கடிகாரங்கள் இன்றைக்கும் சேகரிப்பவர்களின் கைகளில் இருக்கின்றன. அவற்றைப் படத்தில் பார்த்தாலே ஒரு மரியாதை உண்டாகிறது. நீதி தேவதையின் கையில் இருக்கும் துலாக்கோலைத் தச்சனிடம் கொடுத்து, இதில் மணி காட்டும்படி செய் என்று சொன்னதுபோல் இருக்கும்.

இந்தச் சாமான்களுக்கெல்லாம் இன்று வேலை போய்விட்டது. பாபி ஃபிஷர் 1989-ல் ஒரு புதுவிதக் கடிகாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு தடவை காயை நகர்த்தியதும் சில விநாடிகளைக் கூடுதலாகத் தரும் கடிகாரம் அது. 1992-ல் ஸ்பாஸ்கியோடு அவர் மறுபடி ஆடியபோது அதை உபயோகித்தார்கள். இப்போது பெரிய பந்தயங்கள் எல்லாவற்றிலும் மின்சாரக் கடிகாரம்தான். சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்துக்கு நேரத்தைக் கழிக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. ஓய்வு பெற்ற குமாஸ்தாவைப் போல அது வீட்டுக்கு வந்துவிட்டது. வந்த பிறகுதான் அதற்கு விலை பிறந்தது.

அந்த விலைக்கு வருகிறேன். செய்தவரின் பெயர் முகத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பீங்கான் முகத்தில் விரிசல் கூடாது. மர உறைக்குப் பிற்பாடு யாரும் வார்னிஷ் பூசியிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருக்கும் யந்திரங்கள் இரண்டும் ஆதியில் வைத்தவையாக இருக்க வேண்டும். ஒன்று பழுதாகி, யாரோ ஒரு புண்ணியவான் வேறொன்றை வைத்து இரண்டையும் ஒரே சீராக ஓட வைத்திருந்தால் விலை விழுந்துவிடும். ஆடுகிறவனுக்கு எது உயிரோ அது சேகரிப்பவருக்குக் குறையாகிறது. ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் ஓடும் ‘கைபடாத’ ஜோடிக்கே மவுசு. இதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். நாள் கழிந்த பொருளில் நாளின் தழும்பு இருக்கட்டும் என்று ஆசைப்படுவது மனித சுபாவம்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும்விட விலையை ஏற்றுவது. அதை யார் தொட்டார்கள் என்ற கதை. சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் 1972-ல் டால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கினார்கள். 1988-ல் நம் தேசத்தின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விசுவநாதன் ஆனந்த், சிறுவனாக அங்கே போய் மின்னல் வேக ஆட்டங்கள் ஆடியவர். ஜெயித்தவர் நாற்காலியில் இருக்கலாம், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். அங்கே இருந்த பித்தான்களை அந்தப் பிள்ளை எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியிருப்பான்! நாளைக்கே ஒருவர் ஒரு பழைய கடிகாரத்தைக் கொண்டுவந்து, இது அந்தக் கழகத்தில் இருந்தது என்று சொன்னால் விலை பத்து மடங்காகும். மெய்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடிதமானால் கையெழுத்து இருக்கும். பேனாவானால் முனை தேய்ந்த விதத்தையாவது பார்க்கலாம். கடிகாரத்துக்கு ஞாபகமே கிடையாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் முள்ளைப் பின்னுக்குத் திருப்பி, நடந்ததையெல்லாம் அழித்துவிடுகிறார்களே! மகா மேதை அழுத்திய பித்தானும் அவரிடம் தோற்ற அப்பாவி அழுத்திய பித்தானும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன.

சரி, கதை மெய்யென்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கதைக்கு அதிக விலை? இங்கேதான் நான் முன்பு சொன்ன விசித்திரமான இடம் வருகிறது.

1942-ல் நியூயார்க்கில் அமெரிக்கச் சாம்பியன் பந்தயம் நடந்தது. ரெஷெவ்ஸ்கிக்கும் டெங்கருக்கும் ஆட்டம். ரெஷெவ்ஸ்கி எப்போதுமே நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியில் அவதிப்படுகிறவர். அன்றும் அவர் கொடி விழுந்தது. பந்தயத்தை நடத்திய ஸ்டீபன்ஸ் என்பவர் கடிகாரத்துக்குப் பின்பக்கமாக நின்றுகொண்டிருந்தார். அவர் அதை எடுத்துத் தம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். திருப்பினால் இடது வலதாகிவிடும் அல்லவா? நேரம் தாண்டிவிட்டவர் டெங்கர்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் அது தவறு என்று எடுத்துச் சொன்னார்கள். சொன்னது சொன்னதுதான் என்று அவர் மறுத்துவிட்டார். ரெஷெவ்ஸ்கி அந்தப் புள்ளியை ஏற்றுக்கொண்டார். பந்தய முடிவில் ரெஷெவ்ஸ்கியும் காஷ்டனும் சமமாக நின்றார்கள். பிறகு இருவருக்கும் தனியாக நடந்த ஆட்டங்களில் ரெஷெவ்ஸ்கி ஜெயித்துப் பட்டத்தைப் பெற்றார். அந்த ஒரு புள்ளி உரியவரிடம் போயிருந்தால் காஷ்டன் தனியாகவே முதலில் நின்றிருப்பார்.

அன்று கடிகாரம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அளவாக ஓடி, விழவேண்டிய நேரத்தில் கொடியை விழவிட்டது. அதைப் பார்த்தவர்தான் புரட்டிப் பார்த்தார். பார்த்தது பிசகு என்று தெரிந்த பிறகும் தம் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டார். இது உலகத்தில் புதிதல்ல. நான் பிசகு நடந்ததைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அந்தக் கடிகாரம் இன்றைக்கு ஏலத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள். அதே வருஷத்தில் அதே தொழிற்சாலையில் செய்த இன்னொரு கடிகாரம் ஏதோ ஒரு சிற்றூர்க் கழகத்தில் நாற்பது வருஷம் ஒருவருக்கும் ஒரு விநாடிகூட அநியாயம் செய்யாமல் ஓடியிருக்கும். அதை யாரும் சீந்த மாட்டார்கள். ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. தன் கடமையை ஒழுங்காகச் செய்த சதுரங்கக் கடிகாரத்தை ஆட்டக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்த்தால் ஏதோ தகராறு என்று அர்த்தம். தகராறு உண்டானால்தான் கதை; கதை உண்டானால்தான் விலை.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒருவன் சிரிக்கிறான். ஒழுங்காக நடந்த கல்யாணத்தைப் பற்றி நீ என்றைக்காவது நாவல் எழுதியிருக்கிறாயா என்று கேட்கிறான். இல்லைதான். நானும் அதே சந்தையில் கடை வைத்திருக்கிறவன். ஆனால் கதை வேறு, தராசு வேறு என்று வைத்துக்கொள்வதில் எனக்கு இன்னும் பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதம் நிஜமாகவே ஒரு சமயம் சோதனைக்கு வந்தது.

எனக்கு வேண்டிய நண்பர் ஒருவருடைய தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் சதுரங்கம் சொல்லிக் கொடுப்பார். அவரிடம் ருஷ்யாவில் செய்த ஒரு கடிகாரம் இருந்தது. எந்தப் பிள்ளையோடு ஆடினாலும் சுவரோரமாக உள்ள இடத்தில்தான் உட்காருவார். கேட்டால், ‘எனக்கு முதுகு சாய வேண்டும்’ என்பார். இரண்டு பிள்ளைகளை ஒருவருக்கொருவர் ஆட விட்டால், ஓர் ஆட்டம் முடிந்ததும் இடம் மாறி உட்காரச் சொல்லி இன்னோர் ஆட்டம் ஆடச் செய்வார். அது அவருடைய விதி. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அவர் காலமான பிறகு நண்பர் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தபோது, உள்ளே பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சுவர்ப்பக்கத்து முகம் மணிக்கு இரண்டு நிமிஷம் வேகம் என்று எழுதித் தேதி போட்டிருந்தார். அதற்குக் கீழே இரண்டு மூன்று தடவை மறுபடியும் சோதித்துப் பார்த்து எழுதிய தேதிகள். அந்த இரண்டு நிமிஷத்தை அவர் இத்தனை வருஷமும் தம் கணக்கில் கழித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கடிகாரத்தை வாங்க ஒருவர் வந்தார். பழைய பொருள்களில் ருசி உள்ளவர், பண்பானவர். சீட்டைப் படித்துக் காட்டியதும் அவர் கண் கலங்கிவிட்டது. முதலில் சொன்ன தொகையை அப்படியே இரட்டித்தார். ஒரே ஒரு நிபந்தனை: அந்த இரண்டு நிமிஷத்தைச் சரி செய்துவிடக் கூடாது, சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். நண்பருக்குப் பணமுடை. அப்படியிருந்தும் என்னிடம் வந்து, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

விற்பதானால் சரி செய்துவிட்டு விற்கச் சொன்னேன். அவருக்கு மனம் கேட்கவில்லை. “சரி செய்துவிட்டால் அப்பா செய்ததெல்லாம் அழிந்து போகாதா?” என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கோணல் ஒரு தருமமாக இருந்தது எதனால்? அது இன்ன பக்கத்தில் இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர் போய் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எழுந்து போன பிறகு அது வெறும் கோணல்தான். வாங்கியவர் அலமாரியில் பூட்டி வைப்பார், வாஸ்தவம். அவருக்கும் பேரன்கள் இருப்பார்கள். என்றைக்கோ ஒரு விடுமுறையில் சாவி கொடுத்து விளையாடுவார்கள். சீட்டு தனியாகச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். அல்லது தொலைந்து போயிருக்கும். அப்போது அந்தப் பக்கத்தில் உட்காரும் குழந்தையிடமிருந்து மணிக்கு இரண்டு நிமிஷம் திருடு போகும். யார் திருடியது என்றுகூடத் தெரியாது. வாத்தியாருக்கு இது சம்மதமாயிருக்குமா?

நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கடைத்தெருவில் கடிகாரக்காரன் இல்லையா? அப்பாவே ஏன் சரி செய்துகொள்ளவில்லை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாம் விட்டுக்கொடுப்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் விட்டுக்கொடுக்க அது ஒரு வசதியாக இருந்தது என்று சொல்லலாம். வாத்தியார் சம்பளத்தில் ரிப்பேர்க் கூலிக்கு இடமில்லை என்றும் சொல்லலாம். கதை எழுதுகிறவனுக்கு முதல் காரணம்தான் பிடிக்கும். அதனாலேயே நான் அதை அழுத்திச் சொல்லவில்லை.

கடிகாரக்காரர் இரண்டு நாளில் சரி செய்து கொடுத்தார். இரண்டு முகத்தையும் ஒரே சமயத்தில் ஓட விட்டு ஒரு முழு இரவு வைத்துப் பார்த்ததாகவும், காலையில் முள்ளுக்கு முள் வித்தியாசமில்லை என்றும் பெருமையோடு சொன்னாராம். வாங்க வந்தவர் அதைக் கேட்டு முகம் வாடிப்போனார். முதல் நாள் சொன்ன தொகையிலும் பாதிதான் கொடுத்தார். நண்பர் வாங்கிக்கொண்டார். கூலி போக மிஞ்சியது சொற்பம். சீட்டை மாத்திரம் அவர் கொடுக்கவில்லை. அது இப்போது அவர் வீட்டு இரும்புப் பெட்டியில், வீட்டு வரி ரசீதுகளோடு இருக்கிறது.